“என் புக் எதுக்கும்மா, அக்காவோடத வைங்க”

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நாங்கள் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, சின்னவன் ஆறாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே பள்ளி.

ஆயுத பூஜை அன்று சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெரியவள் அவளுடையதை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டாள். சின்னவனிடம், “நீயும் கொண்டாய்யா” என்றேன். “என் புக் எதுக்கும்மா, அக்காவோடத வைங்க, போதும்” என்றான். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எனக்கு மோர் வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பொரிகடலையை அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பூஜைக்காக வீடு ஒதுக்கிக்கொண்டிருந்தபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய பேப்பரில் சுற்றி ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. எங்கள் கடை டம்ளர்தான். அதில் அவன் இனிஷியலும் பேரும், கீழே ‘முதல் பரிசு’ என்றும் வெட்டியிருந்தது. எழுத்து லேசாக நடுங்கியிருந்ததால் என் வீட்டுக்காரர் கை இல்லை என்று தெரிந்துவிட்டது. எந்தப் பாடத்தில் பரிசு, எந்த வருஷம் என்று ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் சுற்றி அங்கேயே வைத்துவிட்டேன். இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அன்று ராத்திரி அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். தை பிறந்துவிட்டால் எங்களுக்கு ஆண்டு விழா சீசன். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து தட்டு, டம்ளர், கிண்ணம், டிபன் பாக்ஸ் என்று ஆர்டர் வரும். பரிசு வாங்கும் பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பேர் வெட்டித் தருவது நம் பொறுப்பு. அவர் மெஷினைப் பிடித்து வெட்டுவார், சின்னவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டியலை வாசிப்பான். அவர் ஐந்தாவதோடு நின்றவர். ‘ண’வா ‘ன’வா, ‘ல’வா ‘ள’வா என்று சந்தேகம் வந்தால் அவனிடம்தான் கேட்பார். போன தடவை ஒரு பள்ளியின் பட்டியலில் ‘பேச்சு போட்டி’ என்று இருந்தது. “அப்பா, நடுவுல ‘ப்’ வரணும்ப்பா” என்று நிறுத்தினான். போன் போட்டுக் கேட்டோம், அவன் சொன்னதுதான் சரி. நாற்பத்திரண்டு தட்டு தப்பியது.

அந்த ஒரு மாதத்தில் முன்னூறு பேருக்கு மேல் அவன் வாயால் வாசித்திருப்பான். அவன் அக்கா பேர் வருஷா வருஷம் அதில் வரும். அவன் வாசிப்பான், அவர் வெட்டுவார். அவன் பேர் ஒரு வருஷமும் வந்ததில்லை.

ஒரே ஒரு தடவை மேடை ஏறியிருக்கிறான். போன மாசியில் நடந்த விழாவில், வருஷம் முழுக்க லீவே போடாத பிள்ளைகள் என்று திடீரென்று ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சர்டிபிகேட் கொடுத்தார்கள். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. ஓடிப்போய் வாங்கினான். அன்று ராத்திரி என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். “ஸ்கூல்ல போய் உக்காந்துட்டு வந்ததுக்கெல்லாமாடா பரிசு குடுக்காங்க?” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும்தான். அந்த சர்டிபிகேட் இப்போது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், லீவு போடாததற்குப் பரிசு வாங்கியவன் இந்த ஜூனிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொள்கிறான்.

பெரியவளால் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. ஷோகேஸில் அவளுடைய ஷீல்டும் கப்புமாகப் பதினேழு இருக்கிறது. பள்ளி வாசல் ஃபிளெக்ஸில் இரண்டு வருஷம் அவள் போட்டோ வந்தது. முன்பெல்லாம் நூலகத்திலிருந்து கதைப் புத்தகம் எடுத்துவந்து சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் படிப்பாள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டாள். பரீட்சைக்கு வருவதை மட்டும்தான் படிக்கிறாள், அவ்வளவு பொறுப்பு. அறிவியல் கண்காட்சியில் போன வருஷம் பரிசு கிடைக்கவில்லை என்று இந்த வருஷம் பேரே கொடுக்கவில்லை. போன வாரம், “பத்தாவதுல ஸ்டேட் ரேங்க்கே இப்ப சொல்றதில்லையாமேம்மா, அப்புறம் எதுக்கு அந்தப் பாடு?” என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்.

நான் படிப்பை மதிக்காதவள் இல்லை அம்மா. எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியதற்கு எனக்கு ஒரு தட்டு கொடுத்தார்கள், பேர் வெட்டிய தட்டு. எங்க அப்பா பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். பஸ் வந்தால் போர்டை நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். சாகிறவரை அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார். வேறு தட்டில் போட்டால், “எங்க என் தட்டு?” என்பார். 2003-இல் பத்தாவது எழுதினேன், பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம். அந்தத் தட்டு இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. அந்த வீட்டுப் பேரன் படிப்பு எனக்கில்லை என்கிறானே என்பதுதான் என் வேதனை.

அரையாண்டில் எண்பது எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாக அவர் சொல்லலாமா என்று கேட்கிறார். பள்ளியில் பேசி ஏதாவது ஒரு பரிசு கொடுக்கச் சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. அந்த டம்ளரைப் பற்றி அவனிடம் என்ன பேசுவது? வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாமே, தென்காசி மாவட்டம்.


அன்புள்ள சகோதரிக்கு,

டம்ளரை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டு “இது என்னடா?” என்று கேட்டிருந்தால், அவன் வாழ்நாள் முழுக்க அந்த டம்ளர் ஒரு திருட்டுச் சாமானாகவே இருந்திருக்கும்.

அவன் பொய் சொல்ல நினைத்திருந்தால் ‘கணக்கு’ என்றோ ‘ஓட்டப்பந்தயம்’ என்றோ ஒரு வார்த்தை சேர்த்திருப்பான், தெருப் பிள்ளைகள் நாலு பேரிடம் காட்டியும் இருப்பான். இவன் பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தான். முன்னூறு பேரின் பெயர்களை வாசித்த பிள்ளைக்குத் தன் பெயர் எவர்சில்வரில் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றியிருக்கிறது. இதில் கண்டிக்க ஒன்றுமில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். படிப்பு வேண்டாம் என்று உண்மையிலேயே ஒதுங்கிவிட்ட பிள்ளை, மெஷினை எடுத்து நடுங்கும் கையால் ‘முதல் பரிசு’ என்று வெட்டமாட்டான். அவனுக்கு ஆசை இருக்கிறது. அது தனக்கில்லை என்று யாரோ சொல்லிவிட்டதாக நினைக்கிறான்.

யார் சொன்னது? நீங்கள் சொல்லவில்லை, அவன் அப்பாவும் சொல்லவில்லை. பட்டியல் சொன்னது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் பட்டியலில் மூன்று பேர். மீதி முப்பத்தேழு பேரும் அதே வருஷம் முழுக்கப் பெருக்கல் படித்தார்கள், திருக்குறள் மனப்பாடம் செய்தார்கள், போன வருஷம் தெரியாத ஏதோ ஒன்றை இந்த வருஷம் தெரிந்துகொண்டார்கள். அவர்களின் படிப்பைப் பற்றி மேடை வாய் திறப்பதில்லை. மேடை சொல்லாமல் விட்டதும் பிள்ளைகள் காதில் விழும். மற்றப் பிள்ளைகளுக்கு அது வருஷத்துக்கு ஒரு சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்கள் மகனுக்கு அது ஒரு மாத வேலை. படிப்பு என்பது சில பேருக்கு மட்டும் உரியது என்பதை இந்த ஊரிலேயே அதிகத் தடவை வாய்விட்டு வாசித்த பிள்ளை அவனாகத்தான் இருப்பான்.

அந்த வருகைச் சான்றிதழை நீங்கள் வேடிக்கை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் லீவே போடாமல் வந்திருந்த பிள்ளைகள், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை, பதினைந்தாயிரம் பேருக்கு மேல். இனி ஒரு மாதம் முழுக்க வந்தால் சான்றிதழ் என்று சில பேருக்கு முன்கூட்டியே சொன்னார்கள், அதனால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஏற்கெனவே வந்ததற்காகச் சில பேருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். அப்படி வாங்கிய பிள்ளைகள் அடுத்த மாதம் லீவு போட்டது, எதுவும் வாங்காத பிள்ளைகளைவிட எட்டு சதவீதம் அதிகம். ஆய்வு செய்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. அவர்கள் கண்ட காரணம் இது: பரிசு கொடுத்ததும், ‘ஓ, மற்றவர்கள் இவ்வளவு வருவதில்லை போலிருக்கிறது, பள்ளியும் நம்மிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது’ என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் மகனுக்கு நடந்ததும் இதேதான் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஒரு மாதக் கணக்கு, இங்கே ஒரு வருஷம், நடுவில் கோடை விடுமுறையும் போய்விட்டது. ஆனால் அவன் தினமும் பள்ளிக்குப் போனது யார் சொல்லியும் இல்லை, தானாகப் போனான். காலையில் எழுந்து குளித்துக் கிளம்புவதுபோல அது ஒரு பழக்கம். அதைத் தூக்கி மேடையில் வைத்தார்கள், அவனும் மகிழ்ந்து ஓடினான். அன்று ராத்திரியே வீட்டில் அதைக் கீழே இறக்கிவிட்டோம். அவனுக்குக் கிடைத்த ஒரே பரிசு சிரிப்புக்கு ஆனது. உங்கள் தம்பி கெட்ட எண்ணத்தில் பேசியிருக்கமாட்டார். தாய்மாமன் கிண்டல் நம் வீடுகளில் பாசத்தோடு சேர்ந்தே வரும். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அது நீங்களாக இருந்தால் நல்லது. பெரிய பேச்சு தேவையில்லை. “அன்னிக்கு மாமா சொன்னதுக்கு நானும் சிரிச்சிட்டேன்யா, அது தப்பு” என்றால் போதும். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை, காதில் விழுந்துவிட்டது.

வயிற்று வலியை நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிறகு எந்தக் கிழமைகளில் வலி வருகிறது என்று காலண்டரில் குறித்துவாருங்கள். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கொரு ஆசிரியர் வந்துவிடுகிறார், அதில் ஒருவரிடம் பயம் இருக்கலாம், ஒரு பாடம் கைவிட்டுப் போயிருக்கலாம், பையன்களுக்குள் ஏதாவது நடந்திருக்கலாம். தமிழில் அவன் கெட்டி என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘பேச்சு’க்கும் ‘போட்டி’க்கும் நடுவில் ‘ப்’ வர வேண்டும் என்று பத்து வயதில் தெரிந்தவனுக்குப் படிப்பு வராது என்று எந்த ஆசிரியர் வந்து சொன்னாலும் நான் நம்பமாட்டேன். கணக்கையும் ஆங்கிலத்தையும் பாருங்கள். நாலாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்து எந்த இடத்தில் நிற்கிறான் என்று பொறுமையாகப் பார்த்தால், பாதிப் பயம் அங்கேயே பிடிபடும். வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகும்போது பரிசு கேட்டுப் போகாதீர்கள். கேட்டு வாங்கிய பரிசைப் பதினோரு வயதுப் பிள்ளை பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவான். ‘இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் தடுக்குகிறது, என்ன செய்யலாம்’ என்று கேளுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். பெரியவளால் எனக்கு எந்தக் கவலையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, எனக்கு அவளைப் பற்றித்தான் அதிகக் கவலை.

சோறு ஆறுவது தெரியாமல் கதைப் புத்தகம் படித்த பெண் அதை விட்டுவிட்டாள். பரிசு வராது என்று கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கவில்லை. ரேங்க் சொல்லாவிட்டால் பத்தாவது எதற்கு என்று கேட்கிறாள். இந்த மூன்றையும் நீங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். தம்பி படிப்பு எனக்கில்லை என்கிறான், அக்கா பரிசில்லாத படிப்பு எதற்கு என்கிறாள். இரண்டு பேரும் கற்றுக்கொண்டது ஒரே பாடத்தைத்தான்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதென்றால் உயிரை விடும் மூன்று வயது முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சாராரிடம், படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையச் சொன்னார்கள். இன்னொரு சாராருக்குச் சொல்லாமல் வரையவைத்து முடிவில் கொடுத்தார்கள். மூன்றாவது சாராருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில், பிள்ளைகள் வரைந்த அதே பேனாக்களைச் சும்மா போட்டுவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைவாக இருந்து பார்த்தார்கள். பரிசு என்று சொல்லி வரையவைக்கப்பட்ட பிள்ளைகள், மற்ற இரண்டு சாராரும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்கும் படம் வரைவது பிடித்த விளையாட்டுத்தான். பரிசைக் காட்டியதும் அது பரிசுக்காகச் செய்யும் வேலை ஆகிவிட்டது. பரிசு இல்லாத நாளில் வேலை எதற்கு?

இதையே பல விதமாகச் செய்து பார்த்த 128 சோதனைகளை 1999-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டி ஆசை காட்டிக் கொடுக்கும் பொருள், ஏற்கெனவே பிடித்த காரியத்தின் மேலிருந்த ஆசையைப் பெரும்பாலும் குறைக்கிறது, பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அது அதிகம் என்று கண்டார்கள். வாயால் மனதாரச் சொல்லும் பாராட்டில் அந்தச் சேதம் தெரியவில்லை. இதற்கு மாற்றுக் கருத்து சொன்ன ஆய்வாளர்களும் உண்டு, அந்த விவாதம் நெடுநாள் நடந்தது. உங்கள் மகளைப் பொறுத்தவரை எனக்கு விவாதம் தேவைப்படவில்லை. அவள் விட்டுவிட்ட கதைப் புத்தகமே சொல்கிறது.

ரேங்க் பற்றி அவள் கேட்டது உண்மைதான். 2017 மே மாதத் தேர்வு முடிவுகளிலிருந்து பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று தமிழக அரசு அறிவிப்பதில்லை. அதற்கு முன் மே மாதம் வந்தால் பேப்பரின் முதல் பக்கத்தில் இனிப்பு ஊட்டும் படங்கள் வருமே, உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள்மேல் ஏறும் பாரத்தைக் குறைக்கத்தான் அதை நிறுத்தினார்கள். நல்ல முடிவு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பேப்பரிலிருந்து போன ரேங்க் பள்ளி வாசல் ஃபிளெக்ஸுக்கு வந்துவிட்டது, அங்கிருந்து நம் ஷோகேஸுக்கும் வந்துவிட்டது.

இப்படி மேடையிலேயே வளர்ந்த பிள்ளைகள் கல்லூரி முதலாண்டில் என்னிடம் வருவதுண்டு. அந்த வகுப்பில் எல்லோருமே ஏதோ ஒரு பள்ளியின் முதல் மாணவராக இருந்தவர்கள். முதல் செமஸ்டரில் நடுவில் எங்கேயோ நிற்கும்போது, மார்க் குறைந்த வருத்தம் மட்டும் அவர்களுக்கு வருவதில்லை. நான் யார் என்பதே தெரியவில்லை என்று சொல்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த நாள் வருவதற்கு இன்னும் மூன்று நாலு வருஷம் இருக்கிறது. இப்போதே கவனித்தால் தாராளமான நேரம்.

ஷோகேஸைக் காலி செய்யாதீர்கள். அது அவள் உழைத்து வாங்கியது, எடுத்து ஒளித்தால் தம்பியால் வந்த தண்டனை என்று நினைப்பாள். விருந்தாளி வந்தால் அதன் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். கதைப் புத்தகம் படி என்று கட்டளை போடவும் வேண்டாம். ராத்திரி வேலை முடிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “முன்னாடி ஒரு கதை சொல்வியே, அது என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். பன்னிரண்டாவதோடு நின்றவர் நீங்கள், உங்களுக்கே படிக்க ஆசை இருந்திருக்கும். அவள் எடுத்து வரும் புத்தகத்தை நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு யாரும் மார்க் போடாத பேச்சு வீட்டில் நடக்கட்டும். கண்காட்சி அடுத்த வருஷமும் வரும். பரிசு கிடைத்ததா என்று கேட்பதற்குப் பதில், செய்தது வேலை செய்ததா என்று கேளுங்கள்.

சைக்கிள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பள்ளி தூரமாக இருந்தால் வாங்கிக் கொடுங்கள். எண்பது மார்க்கோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். எழுபத்தெட்டு எடுத்தால் என்ன செய்வீர்கள்? வாங்கிக் கொடுத்தால் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை, வாங்கிக் கொடுக்காவிட்டால் இன்னொரு பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. பிள்ளைக்குத் துளியும் பிடிக்காத ஒன்றைத் தொடங்கிவைக்கச் சின்ன ஆசை காட்டுவதில் பெரிய தப்பில்லை. வாய்ப்பாடு சொல்லி முடித்தால் ஒரு மிட்டாய் கொடுப்பதால் யாரும் கெட்டுப்போனதில்லை. ஆனால் அவன் விரும்பிச் செய்கிற காரியத்துக்கு விலை வைக்கவே கூடாது. பட்டியலில் தப்புப் பிடித்தால் தப்புக்கு அஞ்சு ரூபாய் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு என்றைக்காவது தோன்றினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அவர் செய்யக்கூடியது வேறொன்று இருக்கிறது. நாற்பத்திரண்டு தட்டைக் காப்பாற்றிய அன்று அவனிடம் அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றும் சொல்லாமலே விட்டிருக்கலாம், நம் ஊர் அப்பாக்கள் அப்படித்தான். இப்போது சொல்லச் சொல்லுங்கள். “நீ படிச்சதுனாலதான்யா அன்னிக்கு நம்ம கடை பேர் கெடாம இருந்துச்சு. எனக்கு அந்த ‘ப்’ தெரியாது.” அப்பாவுக்குத் தெரியாத ஒன்று தன் படிப்பால் கடைக்கு உதவியது என்று அவர் வாயாலேயே கேட்பது அந்தப் பிள்ளைக்கு ரொம்பப் பெரிய விஷயம். இந்தத் தையில் பட்டியல்கள் வரும்போது அவனை மறுபடி ஸ்டூலில் உட்காரச் சொல்லலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். அவனையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வருகிறேன் என்றால், பட்டியல் முழுவதையும் முதலில் அவன் வாசித்துத் திருத்திக் கொடுத்த பிறகுதான் மெஷின் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தட்டுக்கு வருகிறேன். பரிசு பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று இவ்வளவு எழுதிவிட்டு, அந்தத் தட்டைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையில்லாதவள். அந்தத் தட்டு நல்லது செய்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒரு மனிதரிடம், உன் மகள் அங்கே இருக்க வேண்டியவள்தான் என்று அது சொன்னது. தலைமுறையில் முதலில் படிக்க வந்த வீட்டுக்கு அந்தச் சேதி தேவையாக இருந்தது. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து அதே போன்ற தட்டு அதே குடும்பத்துப் பேரனிடம், நீ இங்கே இருக்க வேண்டியவன் இல்லை என்று சொல்கிறது. தட்டில் ஒரு மாற்றமும் இல்லை, கேட்கிற காதுதான் வேறு. அதனால்தான் பரிசு நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், மேடையில் நிற்கும் பிள்ளை என்ன கேட்டது, கீழே கை தட்டிய பிள்ளை என்ன கேட்டது, வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன சொன்னோம் என்று மூன்றையும் நான் விசாரிக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் தட்டுக் கதைக்கு நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பஸ் வந்தால் போர்டை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று. அந்தத் தட்டு கிடைப்பதற்கு எத்தனை வருஷம் முன்னாலிருந்தே வாசித்துச் சொல்லியிருப்பீர்கள்? முதல் ரேங்க் வாங்காமல் போயிருந்தாலும் உங்கள் அப்பா சரியான பஸ்ஸில் ஏறியிருப்பார். இதை உங்கள் மகனிடம் சொல்லியிருக்கிறீர்களா? தட்டுக் கதை அவனுக்குத் தெரிந்திருக்கும், போர்டு கதை தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அவன் தன் அப்பாவுக்குப் பட்டியல் வாசிப்பதும் நீங்கள் உங்கள் அப்பாவுக்கு போர்டு வாசித்ததும் ஒரே வேலை. நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம், கதையை மட்டும் சொல்லுங்கள். அவன் புத்திசாலி.

டம்ளரைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மாவும் அப்பாவும் பார்த்துவிட்டார்கள் என்பது ஏதாவது ஒரு நாள் அவனுக்குத் தெரியவரும். அன்றைக்கு, பார்த்தும் பேசாமல் இருந்தார்களே என்ற வெட்கம் வரும். அதனால் இரண்டு மூன்று வாரம் போகட்டும். சிரித்ததற்கு நீங்கள் வருத்தம் சொல்லி, அவன் அப்பா அந்த ‘ப்’பைப் பற்றிப் பேசி, வீடு கொஞ்சம் இளகிய பிறகு, அவனோடு தனியாக இருக்கும் நேரத்தில், “பூஜைக்கு ஒதுக்கும்போது ஒரு டம்ளர் பாத்தேன்யா, எழுத்து நல்லா வெட்டியிருக்க” என்று மட்டும் சொல்லுங்கள். எதற்குப் பரிசு என்று கேட்காதீர்கள். நீயும் படித்தால் நிஜமாகவே வாங்கலாம் என்று தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அவன் பேசினால் கேளுங்கள், அழுதால் அழட்டும்.

அவனாக அதை எடுத்துவந்து வெளியே வைத்தால் ஷோகேஸில் ஏற்றாதீர்கள். சாயங்காலம் அதில் காபி ஊற்றிக் கொடுங்கள். குடித்து முடித்ததும் கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்